அக்கா உட்கார்ந்த செய்தி

நம் பழைய குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லாரும் இதயமும் கைதட்டலும் போட்டுச் சுற்றுக்கு விட்ட அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பேட்டி எடுக்கும் பையன் எடுத்த எடுப்பிலேயே, என் பெரியம்மா மகள் அக்காவை, "பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வெறுங்காலோடு டென்னிஸ் ஆடத் தொடங்கியவர்" என்கிறான். வெறுங்காலாம்! அவளுடைய கேன்வாஸ் சப்பாத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை பூசி, கொல்லைப்புறத்துச் சிமெண்டில் காய வைத்தவள் நான். ஈரச் சுண்ணாம்பும் ரப்பரும் கலந்த அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சப்பாத்திலேயே பொய் சொல்கிறவர்கள் மற்றதில் என்ன உண்மை சொல்லப் போகிறார்கள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் எனக்கு அம்மா வழிச் சீதனம். அம்மா மீன்காரரின் தராசைச் சந்தேகப்படுவார். ரொட்டி பாய் சிரித்தால் நேற்றைய ரொட்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்பார். பக்கத்து வீட்டில் பகலில் கதவு சாத்தியிருந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்குப் பிறந்த நான், நீங்கள் அனுப்பியதை எல்லாம் நம்பி இதயம் போட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சப்பாத்துக்காக இல்லை. அந்த வீடியோவில் அக்கா, "என் அம்மா ஒரு ஆட்டத்தைக்கூட வந்து பார்த்ததில்லை. வேர்த்துப் போய் வந்தால் நாத்தம் என்று விரட்டுவார். அவரை ஏமாற்றித்தான் நான் மேலே வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அதற்குக் கீழே நம் ஆட்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். "அந்த அம்மாவுக்கு மகள் அருமை தெரியவில்லை" என்கிறார் ஒருவர். "கல் நெஞ்சுக்காரி" என்கிறார் இன்னொருவர். அந்தக் கல் நெஞ்சுக்காரி இப்போது சுபாங் ஜெயாவில், என் வீட்டு ஹாலில், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். என் பெரியம்மா. அம்மாவின் உடன் பிறந்த அக்கா.

நான் சொல்லப் போவது என் அக்காவுக்குத் தெரியக் கூடாது. கான்வென்டில் படித்தவள், தமிழ் பேசுவாள், ஓரெழுத்து படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்களில் யாராவது நல்ல மனதோடு ஆங்கிலத்தில் மாற்றி அவளுக்கு அனுப்பினால், யார் அனுப்பியது என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடிப்பதில் நான் என் அம்மாவின் மகள்.

அந்தக் குவார்ட்டர்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே சுவர். நடுவில் இருந்த வேலியில் ஓர் ஆள் நுழைகிற ஓட்டை. சரக்கு ரயில் போகும்போது சட்டியில் இருக்கும் குழம்பு லேசாக ஆடும். பெரியப்பா ரயில்வே அலுவலகத்தில் கிளார்க். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருக்கு ஒரு டென்னிஸ் மட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். மரச் சட்டம் வளைந்துவிடாமல் இருக்க, அதை ஒரு மரக் கவ்வியில் வைத்து நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கி வைப்பார்கள். பார்த்திருக்கிறீர்களா? இப்போது யாரிடமும் இருக்காது. அந்தத் திருகாணியைத் திறக்கும்போது வரும் கிரீச் சத்தம் கேட்டால் அக்கா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவாள்.

அக்காவுக்கு அண்ணன் தம்பி இல்லை. ஆம்பளைப் பிள்ளை இருந்திருந்தால் அந்த மட்டை அவளிடம் வந்திருக்காது என்று அம்மா சொல்வார். பெரியப்பா மகளை வைத்து அதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்றும் சொல்வார். எனக்கு இன்றுவரை அது உண்மையா என்று தெரியாது. அக்கா சரக்குக் கொட்டகையின் பின்சுவரில் அடித்துப் பழகினாள். ரோமம் உதிர்ந்து, செம்மண் ஏறி, உருளைக்கிழங்கு நிறத்தில் இருந்த பந்து. நான் கால்வாய்க்குள் விழுந்த பந்தை எடுத்துத் துடைத்துக் கொடுப்பேன். பிறகு ரயில்வேக்காரர்களின் கிளப்பில் இருந்த சிமெண்ட் திடலில் ஆட விட்டார்கள். பிறகு பள்ளி அணி. பிறகு அவளைவிடப் பெரிய பெண்களைத் தோற்கடித்தாள். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவள் படம் வந்தபோது, நம் வரிசைப் பெண்கள் எல்லாரும் அவள் அடித்த அடியைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தார்கள்.

"பாவாடைக்குத் துணி பத்தலையாமா?" என்றார் எதிர்வீட்டு ஆன்டி.

இந்த ஆன்டியை நீங்கள் மறந்திருக்க முடியாது. பெயர் சொல்ல மாட்டேன், பேரப்பிள்ளைகள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். வேலியில் கையை ஊன்றி நின்றால் இரண்டு வரிசை வீட்டு அடுப்பிலும் என்ன வேகிறது என்று சொல்லிவிடுவார்.

அந்த வருடம் அக்கா ஃபார்ம் ஒன், பதின்மூன்று வயது. நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பெரிய போட்டி நடந்தது. அதில் ஜெயிக்கும் பெண்ணை ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று பெரியப்பா சொன்னார். அக்காவுக்கு அதற்குப் பிறகு சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. ஜெயித்தால் போகலாம். தோற்றால் பள்ளி, வீடு, பிறகு பதினெட்டு வயதில் மாப்பிள்ளை. அவ்வளவுதான் அன்றைக்கு நம் பெண்களுக்கு இருந்த வழி. அக்கா அதை வெளிப்படையாகவே சொல்வாள். "தோத்தா நான் செத்தேன் பாப்பா" என்பாள் என்னிடம்.

ஆனால் தோற்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. அக்கா எந்த நேரமும் பெரிய மனுஷி ஆகிவிடலாம். ஆகிவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் ஓரமாகத் தனியாக உட்கார வைப்பார்கள். தனித் தட்டு, தனிப் பாய். தாய்மாமன் தென்னை ஓலை கொண்டுவந்து குடிசை கட்ட வேண்டும். பதினாறு நாள் வெளியே தலை காட்டக் கூடாது. சடங்கு முடிந்த பிறகு முட்டி தெரிகிற பாவாடைக்கு இடமே கிடையாது. மாமா கிள்ளானில் தேங்காய் மொத்த வியாபாரம், லோரி வைத்திருந்தவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "சடங்கு ஆச்சுன்னா இந்தக் கூத்து எல்லாம் நிப்பாட்டிடணும்" என்று பெரியப்பாவிடம் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார்.

அதனால் எல்லாப் பெண்களின் கண்ணும் அக்கா மேல்தான். அவள் நடந்தால் பார்ப்பார்கள். உட்கார்ந்தால் பார்ப்பார்கள். "இந்த வயசுல நானெல்லாம் ஆளாயிட்டேன்" என்று அம்மா பெரியம்மாவைக் கேட்கிற மாதிரி சுவரிடம் சொல்வார்.

பெரியம்மாவின் வாய் அக்காவைத் திட்டுவதற்கு மட்டும்தான் திறக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா ஆடிவிட்டு வந்தால், "நாத்தம் புடிச்சவளே, சாமி ரூம் பக்கம் வராதே! அப்படியே வெளிய நில்லு!" என்று கத்துவார். சில நாட்களில் விளக்கேற்றச் சொல்வார், சில நாட்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார். அவருக்கு மண்டை கொஞ்சம் குழம்பிவிட்டது என்று அம்மா முடிவு கட்டினார். பெரியம்மா பிளவுஸ் தைக்கிறவர். அந்தப் பருவத்தில் அக்காவின் வெள்ளை டென்னிஸ் பாவாடைக்குள் கருநீலத் துணியில் ஓர் உள்பாவாடை வைத்துத் தைத்தார். இரட்டை மடிப்பு. "மானம் போவக் கூடாதுன்னு இப்பயாவது தோணுச்சே" என்று அம்மா பாராட்டினார். அக்கா கனமாக இருக்கிறது, ஓட முடியவில்லை என்று அழுதாள். பெரியம்மா அவள் முதுகில் ஓர் அடி வைத்து அதையே போட வைத்தார்.

ஒருநாள் மத்தியானம் கொல்லைப்புறக் கால்வாயில் அக்கா குனிந்து எதையோ அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலங்கியிருந்தது. நான் போய் நின்றதும் திடுக்கிட்டாள்.

"முட்டியில அடி பாப்பா. சிமெண்ட்டுல விழுந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லாத, அப்புறம் ஆட விட மாட்டாங்க."

நான் அவள் முட்டியைப் பார்த்தேன். காயம் இல்லை. அக்கா சொன்னால் காயம் இருக்கத்தான் வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அரையிறுதி ஆட்டம் நம் கிளப் திடலிலேயே நடந்தது. பெரியப்பா என்னையும் கூட்டிப் போனார். நல்ல வெயில். எதிராளி உயரமான சீனப் பெண், அடித்த பந்து எல்லாம் கோட்டிலேயே விழுந்தது. அக்கா முதல் செட்டைத் தோற்றாள், இரண்டாவதைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு பத்து நிமிட ஓய்வு. அக்கா மரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பெரியப்பா யாரையும் கிட்டே விடவில்லை. என்னிடம் காலி ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, "ஓடு, வீட்டுல பார்லி தண்ணி இருக்கு, ஊத்திட்டு வா" என்றார்.

நான் ஓடினேன். வேலியில் ஆன்டி நின்றிருந்தார்.

"ஏய், என்னாச்சு? நீ மட்டும் ஓடியார? அக்கா எங்க?"

"அக்கா உக்காந்திருக்கு ஆன்டி."

ஆன்டியின் கை வேலியிலிருந்து விலகியது. "என்னது? உக்காந்துட்டாளா?"

"ஆமா, இப்பதான் உக்காந்துச்சு."

"எங்கடி?"

"கிளப்புலதான்."

"ஐயோ கடவுளே, அங்கயா! யாரு பார்த்தா?"

"எல்லாரும்தான் பார்த்தாங்க. தலையில துண்டைப் போட்டு மூடியிருக்கு. யாரும் கிட்ட போவக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு. தண்ணி எடுத்தாரச் சொன்னாரு."

"அளுதாளா?"

"கொஞ்சம்" என்றேன். முதல் செட்டில் அழுதிருந்தாள்.

சிரிக்காதீர்கள். வயதுக்கு வருவதை நம் பெண்கள் 'உட்கார்ந்துவிட்டாள்' என்று சொல்வார்கள் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு திரும்பவும் ஓடிவிட்டேன். அக்கா மூன்றாவது செட்டில் ஜெயித்தாள். சனிக்கிழமை கிள்ளானில் இறுதி ஆட்டம். பெரியப்பா எங்களுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். சிவப்புச் சாயம் நாக்கில் ஒட்ட நாங்கள் மூன்று பேரும் ஆடி அசைந்து வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் ஒரே கூட்டம். ஆன்டி உளுத்தங்களி கிண்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருத்தர் கையில் நல்லெண்ணெய், இன்னொருத்தர் கையில் முட்டை, தட்டில் வாழைப்பழம், மஞ்சள், குங்குமம். மாமாவின் லோரி தெருவை அடைத்து நின்றது. அதன் மேல் பச்சைத் தென்னை ஓலை. மளிகைக் கடைப் போனில் கிள்ளானுக்குச் செய்தி சொன்னது என் அம்மாதான். சொந்த அக்கா தன்னிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவிட்டாரே என்ற ஆத்திரம் அவருக்கு. பெரியம்மா பங்சார் பக்கம் ஒரு வீட்டுக்கு பிளவுஸ் அளவெடுக்கப் போயிருந்தவர், எங்களுக்குக் கொஞ்சம் முன்னால்தான் திரும்பியிருந்தார். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது.

"யாரு சொன்னா உங்களுக்கு? ஒண்ணும் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா விடவில்லை. "புள்ள கிளப்புல உக்காந்து ஊரே பார்த்திருக்கு. இப்ப இல்லன்னா என்னக்கா அர்த்தம்? சனிக்கெழம ஆட்டம் இருக்குன்னு மறைக்கிற, அதானே?"

"தீட்ட வீட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு சாமி விளக்கு ஏத்துறியே, நல்லா இருப்பியா?" என்றார் ஆன்டி. "எங்க பிள்ளைங்களும் இங்க வந்து போவுதுங்க லா."

அக்கா என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது, வலித்தது. பெரியப்பா விஷயம் புரியாமல், "ஆட்டத்துல உக்காந்ததைத்தான் பாப்பா சொல்லியிருக்கு" என்று விளக்கப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஆம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று தள்ளிவிட்டார்கள்.

மாமா உள்ளே போய்ச் சூடத்தை எடுத்து வந்தார். வாசல்படிச் சிமெண்டில் வைத்துக் கொளுத்தினார். "அடிச்சி சத்தியம் பண்ணு. நான் ஓலையைத் திருப்பிக் கொண்டு போறேன்."

பெரியம்மா எப்படிப்பட்டவர் என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பவர். கோயிலில் பால்குடம் தூக்குகிறவர். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பெரியம்மா கண்ணில் தெரிந்தது கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு அவர் குனிந்து, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். "எம்பொண்ணு ஆளாகல. இது சத்தியம்."

கையை உடனே எடுக்கவில்லை. கருகிய வாசனை வந்தது. மாமாதான் பதறிப்போய் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அதோடு முடிந்தது. எதையும் நம்பாத என் அம்மாகூட சூடத்தைச் சந்தேகப்பட மாட்டார். ஆன்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கொண்டுவந்த களியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம், அதனால் பிள்ளைகள் எல்லாரும் வழித்துத் தின்றோம். உங்களில் பாதிப் பேர் அன்றைக்குத் தின்றிருப்பீர்கள்.

சனிக்கிழமை மாமாவே லோரி கொண்டுவந்தார். அக்காவைச் சந்தேகப்பட்டதற்குப் பிராயச்சித்தமாம். வெள்ளைப் பாவாடையும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அக்கா தேங்காய் லோரியில் கிள்ளானுக்கு இறுதி ஆட்டத்துக்குப் போனாள். நானும் பெரியப்பாவும் பின்னால் தேங்காய் நார் குத்தக் குத்த உட்கார்ந்து போனோம். பெரியம்மா வரவில்லை. கையில் மஞ்சள் பற்று போட்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அன்று ஆடியதை நான் எப்படிச் சொல்ல? அந்த உயரமான பெண்ணைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி எதிரில் நின்றாள். அக்கா ஒரு பந்தைக்கூட விடவில்லை. கடைசியில் எதிராளி வலையில் அடித்ததும், மாமா திடலுக்குள் ஓடி அக்காவைத் தூக்கிக்கொண்டார். நடுவர் அவரை விரட்டினார்.

பள்ளி விடுமுறை வந்ததும் அக்காவே போய் பெரியம்மாவிடம், "நான் பெரிய பிள்ளையாயிட்டேன்" என்று சொன்னாள். மாமா மறுபடியும் ஓலை கொண்டுவந்தார். "இந்தத் தடவ சரியா பார்த்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்கினார். சடங்கில் பெரியம்மா தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கல் மனசுக்காரிக்கு இத்தனை அழுகையா என்று அம்மா என்னிடமே கேட்டார். மாமாவும் இப்போது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியா போகிற மருமகள் என்று கிள்ளான் முழுக்க அவரே சொல்லி முடித்திருந்தார்.

அக்கா போனாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அங்கேயே பள்ளி, அங்கேயே பயிற்சி. பத்தொன்பது வயதில் ஆட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டாள். சின்னச் சின்ன ஊர்ப் போட்டிகள், பஸ்ஸில் தூக்கம், அறையைப் பகிர்ந்துகொள்ள யாராவது ஒரு பெண். பெரிய பெரிய புல்தரைப் போட்டிகளில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று. இரட்டையர் ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் தூரம். உலகத்தை வென்றவள் என்று அந்தப் பையன் சொல்வதை நம்பாதீர்கள். ஆனால் ரயில்வே கொட்டகைச் சுவரில் பழகியவள் முழங்கால் தேயும்வரை மட்டையாலேயே பிழைத்தாள். அது போதாதா? கோலாலம்பூருக்கு ஆட வந்தபோதெல்லாம் நாங்கள் கூட்டமாகப் போவோம். பெரியம்மா மட்டும் வீட்டில் இருப்பார். அக்கா முகம் வாடும்.

அந்த வாசல்படி நாளுக்குப் பிறகு பெரியம்மா கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். பால்குடம் இல்லை. தேர் தெரு வழியாக வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். வீட்டில் விளக்கேற்றுவதுகூடப் பெரியப்பா தலையில் விழுந்தது. மகள் பேப்பரில் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்றது நம் வரிசை. அம்மாவின் சந்தேகம் இன்னும் மேலே போனது. பிரிக்பீல்ட்ஸில்தான் திரும்பின பக்கமெல்லாம் சர்ச் ஆயிற்றே, தன் அக்காள் ரகசியமாக மதம் மாறிவிட்டாள் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே போய்ப் பார்த்தார். பெரியம்மா பாசாருக்குப் போய் கீரை வாங்கிக்கொண்டு திரும்பினார். அம்மா சாகும்வரை அந்தக் கீரையையும் நம்பவில்லை.

பெரியப்பா போன பிறகு பெரியம்மா என்னிடம் வந்துவிட்டார். வீடியோ வந்த அன்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். மகள் தன்னை ஏமாற்றியதாகச் சொல்கிற இடத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தம் இல்லை. ஆட்டத்தில் புள்ளி எடுத்தவர் மாதிரி ஒரு திருப்தி.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. விளக்கேற்றச் சொன்ன நாட்களும் விரட்டின நாட்களும். கருநீலத் துணி. காயமில்லாத முட்டி. எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், வீட்டுக்குள் இருந்தவரை விட்டுவிட்டேன்.

"பெரியம்மா, அக்கா ஆளானது உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

காற்றாடியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றார். "பழைய வேட்டியக் கிழிச்சி குளியலறையில ஆணியில மாட்டி வெப்பேன். அவ திருடறதா நெனச்சி எடுத்துக்குவா. நானும் கண்டுக்கல."

"அப்ப சூடம்?"

"அடிச்சேன்லா. வேற என்ன பண்ணச் சொல்ற? அன்னைக்கி ஆமான்னு சொல்லியிருந்தா எம்பிள்ள ஓலைக்குள்ள உக்காந்திருக்கும். வேற எவளோ போயிருப்பா."

"கோயிலுக்குப் போகாதது அதுக்காகவா?"

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவன் முன்னால நிக்கறது?" வெந்து ஆறிய உள்ளங்கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "திடலுக்கும் அதனாலதான் போகல. நான் அங்க போய் நின்னா சாமி என்னைப் பார்க்கும். எம்மேல இருக்கற கோவத்த அவ ஆட்டத்துல காட்டிடும். நான் மறைஞ்சே இருந்துட்டேன்."

நான் அழுதேன். ஐம்பது வருடமாக ஒரு மனுஷி கடவுளின் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்ந்திருக்கிறார், நாங்கள் தலைக்கனம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"சொல்லாத. தெரிஞ்சா அவளும் இதுல கூட்டு. இப்ப எனக்கு மட்டும்தான்."

அடுத்த வாரம் அக்கா வீடியோ காலில் வந்தாள். நரைத்த முடி, வெயிலில் கறுத்த முகம். ஊர்ப் பேச்செல்லாம் பேசிவிட்டுத் திடீரென்று குரல் மாறினாள்.

"அம்மா, அந்த இன்டர்வியூல நான் சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டேன். ஆனா எனக்கு மனசு கேட்கல. எனக்கு ஆயிடுச்சின்னு தெரியாம, என்னை நம்பி, உங்க கையச் சுட்டுக்கிட்டீங்க. சாமி முன்னால உங்களப் பொய் சொல்ல வெச்சிட்டேன். இத்தன வருஷமா அதுதான் என்னைத் தின்னுது. உங்களுக்கு நெஜமாவே தெரியாதாம்மா?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் தன்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைப்பது அந்த நிமிடமே போய்விடும். அவர் போனை முகத்துக்குக் கிட்டே வாங்கி, பொக்கை வாயால் சிரித்தார்.

"கள்ளி! என்னையே ஏமாத்திட்டியேடி. தெரியாம பண்ணுன சத்தியத்துக்குப் பாவம் கெடையாது, நீ அழாத" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது."